விண்கல்லுக்கும் திருட்டுச் சிலைக்கும் என்ன ஒற்றுமை?

#1 மண்வெட்டி

சில நாட்களாக ஒரு யோசனை மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இங்கே இறக்கி வைக்கிறேன். தப்பென்றால் தயங்காமல் அடியுங்கள்.

பென்னு என்ற சிறுகோளிலிருந்து ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் எடுத்துவந்த மண்ணின் எடை 121.6 கிராம். 2016-இல் கிளம்பி, 2020 அக்டோபர் 20 அன்று தொட்டு அள்ளி, 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பெட்டியை இறக்கியது. ஏழு வருட உழைப்புக்கு ஒரு கைப்பிடி மண். ஆனால் பூமியில் இதுவரை பெயர் கொடுத்துப் பதிவு செய்த விண்கற்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். நமீபியாவில் கிடக்கும் ஹோபா கல் ஒன்றே சுமார் 60 டன். கல்தான் தானாக வந்து விழுகிறதே, எதற்கு அங்கே போய் அள்ள வேண்டும்?

எனக்குத் தோன்றும் பதில்: விண்கல் என்பது திருட்டுச் சிலை மாதிரி. பார்க்க அழகு, வேலைப்பாடு தெரியும், உலோகத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் எந்தக் கோயில், எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்று கேட்டால் கையை விரிக்கும். அகழாய்வில் முதல் நாளே சொல்லித்தருவது, பொருளை விட அது கிடந்த இடம் பெரிது என்பதுதான். பென்னு மண் அப்படி முறையாக எடுத்த பொருள். எந்தச் சிறுகோள், எந்தப் பள்ளம், எந்தத் தேதி எல்லாம் குறிப்பில் இருக்கிறது.

கடந்த சில வருடங்களில் விண்வெளி ஆய்வில் நடந்த பெரிய மாற்றமே, அவர்கள் தொல்லியல்காரர்களாக மாறிவிட்டதுதான் என்று சொல்வேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

#2 நட்சத்திரப்பித்து

பாதி ஒப்புக்கொள்கிறேன். பெரிய மாற்றம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிதான் என்று சண்டை போடலாம், பெருவெடிப்புக்குப் பிறகு 30 கோடி வருடம்கூட ஆகாத காலத்து விண்மீன் மண்டலங்களை எல்லாம் பார்த்துவிட்டது. சரி, அது வேறு இழை.

பென்னுவில் நீங்கள் விட்ட விஷயம் உப்பு. 2025 ஜனவரியில் வந்த முடிவுகளில் எல்லோரும் அமினோ அமிலத்தைப் பற்றித்தான் பேசினார்கள். உயிரினங்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20-இல் 14 அதில் இருந்தன, டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டிலும் மரபுச் செய்தியின் எழுத்துகளாக இருக்கும் ஐந்து காரங்களும் இருந்தன. பிரமாதம்தான். ஆனால் என்னை அசத்தியது, உப்பு நீர் மெல்ல வற்றியபோது ஒன்றன் பின் ஒன்றாகப் படிந்த உப்புகள். வற்றிய ஏரிப் படுகையில் பார்ப்போமே, அந்த வரிசை. பென்னு எதிலிருந்து உடைந்து வந்ததோ அந்தத் தாய்ப்பாறைக்குள் 450 கோடி வருடத்துக்கு முன் உப்பு நீர்க்குட்டைகள் இருந்திருக்கின்றன.

இந்த உப்புகளில் பல காற்றில் உள்ள ஈரத்துக்கே கரைந்துவிடும். அதனால்தான் மண்ணை நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதில் ஒரு கூத்து வேறு. மண் அடைத்த கலத்தின் மூடியில் 35 திருகுகள். இரண்டு மட்டும் கழலவில்லை. பெட்டிக்குள் அனுமதித்த கருவிகள் எதுவும் அதற்குப் போதாது, வெளியே எடுத்துத் திறக்கவும் முடியாது. புதிய கருவியை வடிவமைத்துச் செய்து, அந்த இரண்டு திருகையும் கழற்றும்போது 2024 ஜனவரி ஆகிவிட்டது.

#3 புதியவள்

வணக்கம், நான் படிக்க மட்டும் வருகிறவள். ஒரு சந்தேகம். விண்கல் விழுந்த அன்றே ஓடிப்போய் எடுத்துவிட்டால் அது கெடாதுதானே? அப்புறம் எதற்கு அவ்வளவு செலவு?

#4 கரிமம்14

நல்ல கேள்வி, தங்கச்சி. 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் வின்ச்கோம்ப் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு வீட்டு வாசலில் கிடந்ததைப் பொறுக்கிவிட்டார்கள். மற்ற துண்டுகளையும் சில நாட்களுக்குள் எடுத்தார்கள். அப்படியும் பிறகு சோதித்தபோது சில துண்டுகளில் பூமியின் ஈரத்தால் உருவான உப்பும் கால்சியம் சல்ஃபேட்டும் இருந்தன. சுத்தமான விண்கல் என்று நினைத்து அந்த உப்பை எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதைவிடச் சங்கடமான கதை ரியூகு என்ற சிறுகோளுடையது. ஜப்பானின் ஹயபுசா2 விண்கலம் 2020 டிசம்பரில் கொண்டுவந்த 5.4 கிராம். அதில் ஒரு துகளை லண்டனில் ஆய்வுக்குத் தயார் செய்த பிறகு பார்த்தால் இழை இழையாக நுண்ணுயிர்! ஒரு நிமிடம் நெஞ்சு நின்றிருக்கும். அந்த இழைகளை நாள்கணக்கில் எண்ணிப் பார்த்தார்கள், கூடின, பிறகு குறைந்தன. நம் ஊர் நுண்ணுயிரி எப்படிப் பெருகித் தேயுமோ அதே வளைவு. பூமிக் காற்று பட்டபின் ஏறியவைதான் என்று 2024-இல் அவர்களே எழுதிவிட்டார்கள். எல்லாச் சுத்தமும் பார்த்த ஆய்வகத்திலேயே இந்தக் கதி என்றால், பாலைவனத்தில் ஆயிரம் வருடம் கிடந்த கல்லைப் பற்றி என்ன சொல்ல.

#5 சந்தேகி

மண்வெட்டியின் உவமை கேட்க நன்றாக இருக்கிறது, உரசிப் பார்த்தால் சாயம் போகிறது.

ஒன்று, பென்னுவில் நடந்தது அகழாய்வே அல்ல. அந்தக் கலம் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி மண்ணைக் கிளப்பி அள்ளியது. அது தொட்ட இடத்தில் தரை பொலபொலவென்று இருந்ததால் கை அரை மீட்டர் உள்ளே போய்விட்டது, சுற்றிலும் எட்டு மீட்டர் அகலத்துக்குப் பள்ளம். மேல் மண், கீழ் மண் எல்லாம் ஒரே கலவை. போதாததற்கு மூடியில் கல் சிக்கிக் கொஞ்சம் வெளியே சிந்தியும் போனது. நம் ஊரில் ஒருவர் இப்படிக் குழி எடுத்தால் அதற்குப் பெயர் புல்டோசர்.

இரண்டு, இடம் தெரியாத பொருளும் பேசும். சுவிட்சர்லாந்தில் மோரிகன் என்ற இடத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த ஓர் அம்புமுனை, சுமார் கி.மு. 900 - 800 காலத்தது, பெர்ன் அருங்காட்சியகத்தில் சும்மா இருந்தது. 2023-இல் சோதித்தபோதுதான் அது விண்கல் இரும்பு என்று தெரிந்தது. பக்கத்திலேயே விழுந்த ட்வான்பெர்க் விண்கல்லின் துண்டாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நிக்கல் அளவு ஒத்துப்போகவில்லை. எஸ்தோனியாவின் காலி விண்கல்லாக இருக்கலாம் என்கிறார்கள். கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர்! அந்தக் காலத்து வணிகப் பாதையையே அந்தச் சின்ன அம்புமுனை சொல்லிவிட்டது. எந்தக் குழியும் சொல்லவில்லை.

#6 மண்வெட்டி

புல்டோசர் அடி நன்றாகப் பட்டது. ஊர் தெரியும், அடுக்கு தெரியாது என்று திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் அம்புமுனையில் நீங்கள்தான் எனக்குச் சாதகமாகப் பேசியிருக்கிறீர்கள். அது ஏரிக்கரையில் மரத்தூண்கள் மேல் கட்டிய வெண்கலக் காலக் குடியிருப்பில் கிடைத்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் கி.மு. 900 - 800 என்கிறோம். அந்தக் குறிப்பு தொலைந்திருந்தால் அது ஒரு துருப்பிடித்த தகடு. 1922-இல் கண்டெடுத்த எகிப்து மன்னர் துத்தன்காமன் கல்லறையின் இரும்புக் குறுவாளும் அப்படித்தான். 2016-இல் அதில் சுமார் 11 சதவீதம் நிக்கல், கொஞ்சம் கோபால்ட் என்று அளந்து விண்கல் இரும்பு என்று உறுதி செய்தார்கள். ஆனால் அந்த வாள் மம்மியின் துணிச்சுற்றுக்குள் இருந்தது என்பதால்தானே அதை எவ்வளவு உயர்வாக வைத்திருந்தார்கள் என்று தெரிகிறது.

சுத்தமாக அடுக்குக் கலையாத மாதிரி வேண்டுமா, அப்பல்லோ 17. 1972-இல் நிலவில் ஒரு நிலச்சரிவுப் படிவத்துக்குள் குழாயை அடித்து இறக்கி, அடுக்கு கலையாமல் எடுத்து, அங்கேயே ஒரு பகுதியை மூடி முத்திரை வைத்துக் கொண்டுவந்தார்கள். அதைத் திறந்தது எப்போது தெரியுமா? 2022-இல். ஐம்பது வருடம் யாரும் தொடவில்லை. பிற்காலத்தில் நல்ல கருவி வரும், அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டாமல் வைத்திருப்பதும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

#7 பழைய தந்தி

தம்பிகள் இருவரும் சண்டை போடுவதைப் பார்க்க உற்சாகமாக இருக்கிறது. ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1864 மே மாதம் பிரான்சின் ஓர்கேய் பகுதியில் கரிமம் மிகுந்த ஒரு விண்கல் பொழிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் லூயி பாஸ்டர், உயிர் சும்மா தானாக உருவாகாது என்று பாரிஸில் பெரிய சொற்பொழிவு ஆற்றியிருந்தார். யாரோ ஒரு குறும்பர் ஒரு துண்டை நனைத்து மென்மையாக்கி, உள்ளே கோரைப்புல் விதைகளைச் செருகி, நிலக்கரித் துண்டுகளை வைத்துப் பசையால் ஒட்டி, மேல் ஓடு மாதிரி பூசிவிட்டார். 'பாருங்கள், விண்வெளியில் விதை!' என்று கூச்சல் கிளம்பும், பிறகு உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்திருப்பார். பாவம், அந்தத் துண்டை யாரும் உடைத்தே பார்க்கவில்லை. ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அருங்காட்சியகத்தில் நூறு வருடம் தூங்கியது. 1960-களில் வேறு காரணத்துக்காகச் சோதித்தபோதுதான் விதையும் பசையும் கிடைத்தன.

1912-இல் இங்கிலாந்தில் மனித மூதாதையுடையது என்று பில்ட்டவுன் மண்டையோடு வந்தது. மனித மண்டை, ஓராங்குட்டான் தாடை, சாயம் பூசிப் பழையதாக்கியது. அது 1953 வரை பாடப்புத்தகத்திலேயே இருந்தது. பில்ட்டவுன் ஏமாற்றியது, ஓர்கேய் ஏமாற்றக்கூட இல்லை. எது பெரிய சோகம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

#8 மண்வெட்டி

ஐயா, அந்தக் குறும்பருக்காக வருத்தப்படுகிறேன் :)

திருட்டுச் சிலை உவமைக்கு இன்னொரு சான்று. 2023-இல் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் சுமார் 25 கிலோ எடையுள்ள செவ்வாய்க்கல் கிடைத்தது, பூமியில் கிடைத்த செவ்வாய்த் துண்டுகளிலேயே பெரியது. 2025 ஜூலையில் நியூயார்க்கில் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நாட்டை விட்டு எப்படிப் போனது என்று நைஜர் அரசு விசாரணை தொடங்கியது. சிலை வழக்கில் கேட்கும் அதே கேள்விகள்: யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், காகிதம் எங்கே.

#9 கரிமம்14

நீங்கள் எல்லோரும் வானத்திலிருந்து விழுந்த பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பிடித்தது வேறு: வானம் மண்ணுக்குத் தேதி போட்டுக் கொடுப்பது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தை 1960-இல் இங்ஸ்டாட் தம்பதி கண்டுபிடித்தார்கள். கொலம்பஸுக்கு முன்பே வைக்கிங்குகள் அமெரிக்கா வந்ததற்கு உறுதியான சான்று. ஆனால் எப்போது வந்தார்கள் என்று கேட்டால் சுமார் ஆயிரமாவது ஆண்டு என்று மழுப்ப வேண்டியிருந்தது. சாதாரணக் கரிமக் காலக்கணிப்பு பல பத்து வருட இடைவெளியைத்தான் கொடுக்கும்.

2012-இல் ஜப்பானில் ஃபுஸா மியாகேவும் குழுவினரும் யாகு தீவின் தேவதாரு மரத்தில் வளையம் வளையமாகக் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தை அளந்தார்கள். கி.பி. 774-க்கும் 775-க்கும் இடையே அது திடீரென்று 1.2 சதவீதம் எகிறியிருந்தது. சூரியன் ஏதோ பயங்கரமாக உமிழ்ந்து, அந்தத் துகள்கள் நம் காற்று மண்டலத்தில் மோதி, வழக்கத்தை விட அதிகமாகக் கார்பன்-14 உண்டாகி, அந்த வருடம் வளர்ந்த எல்லா மரமும் அதைத் தின்றிருக்கிறது. எல்லாக் கண்டத்திலும், ஒரே வருடத்தில். இதே போல் 993-இலும் ஒன்று.

லான்ஸ் ஓ மெடோஸில் வைக்கிங்குகள் வெட்டிப்போட்ட மரத்துண்டுகள் கிடந்தன. இரும்புக் கருவியால் வெட்டியது தெரிகிறது, அங்கே இருந்த பழங்குடிகள் இரும்புக் கருவி பயன்படுத்தவில்லை. மூன்று துண்டுகளில், மூன்று வெவ்வேறு மரங்கள், 993-இன் அந்த எகிறலைத் தேடிப் பிடித்தார்கள். அங்கிருந்து பட்டை வரைக்கும் எண்ணினால் மூன்றிலும் ஒரே விடை. 1021. ஏறத்தாழ என்ற சொல் தேவையே இல்லை. 2021-இல், சரியாக ஆயிரம் வருடம் கழித்து, கட்டுரை வந்தது.

#10 புதியவள்

கரிமம் அண்ணா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 993-இல் சூரியன் உமிழ்ந்தது என்று முதலில் எப்படித் தெரியும்? அந்த மரத்திலேயே 993 என்று எழுதியா இருக்கும்?

#11 கரிமம்14

எழுதியிருக்காது, ஆனால் வேறு மரங்களில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள். இன்று உயிரோடு நிற்கும் மரத்தின் வளையங்களை வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டே போனால் தேதி தெரியும். அதன் உள்வளையங்களின் அகலம், குறுகல் வரிசை பழைய கட்டடத்து உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தும். உத்தரத்தின் உள்வளையம் அதற்கும் முந்தைய மரத்தோடு பொருந்தும். இப்படிக் கைகோத்து ஆயிரக்கணக்கான வருடம் பின்னால் போகலாம். அந்த வரிசையில் எகிறல் 993-இல் என்று முன்பே தெரியும்.

வைக்கிங் மரத்துண்டு அந்த வரிசையோடு வளைய அகலத்தில் பொருந்தவில்லை, துண்டு சின்னது. ஆனால் எகிறல் வளையம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், அதுதான் 993. அதற்கு வெளியே பட்டைக்கு அடியில் வரை 28 வளையம். 993 + 28 = 1021. பட்டை விளிம்பு இருந்ததால் மரம் வெட்டிய வருடமே கிடைத்தது. விளிம்பைச் செதுக்கிவிட்டிருந்தால் போச்சு.

கிரீஸில் டிஸ்பிலியோ ஏரிக்கரைக் கற்காலக் குடியிருப்புக்கும் 2024-இல் இப்படித்தான் தேதி போட்டார்கள். அங்கே பயன்பட்டது கி.மு. 5259-இன் எகிறல். அதுவரை அந்தப் பகுதி மரவரிசைகள் வருடமே இல்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

#12 நட்சத்திரப்பித்து

இதில் எங்கள் பக்கத்துக்கும் லாபம். தொலைநோக்கி வைத்துச் சூரியனைப் பார்க்கத் தொடங்கி நானூறு வருடம்தான் ஆகிறது. நமக்குத் தெரிந்த பெரிய சூரியப் புயல் 1859-இல் வந்தது, தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. 774-இன் துகள் வெள்ளம் கருவிகளால் நாம் இதுவரை நேரில் அளந்த எதையும் விடப் பல மடங்கு பெரியது. 2023-இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஆற்றங்கரையில் புதைந்த மரங்களில் 14,300 வருடத்துக்கு முந்தைய இன்னும் பெரிய ஒன்று கிடைத்தது. இன்று அப்படி ஒன்று வந்தால் செயற்கைக்கோள்களின் கதி? பதில் சொல்லும் ஆவணம் வானத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது.

#13 சந்தேகி

கரிமம்14 சொன்னதில் ஒரு சொல் மறுப்பு இல்லை. ஆனால் 'வானம் மண்ணில் கையெழுத்துப் போட்டது' என்ற கதைகளுக்கு ஒரு கள்ளச்சந்தையும் உண்டு. ஜோர்டானின் டால் எல்-ஹம்மாம் நகரத்தை கி.மு. 1650 வாக்கில் விண்கல் வெடிப்பு அழித்தது என்று 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. பைபிளில் வரும் சோதோம் நகர அழிவுக் கதைக்கு ஆதாரம் என்று உலகமே பகிர்ந்தது. படங்களைத் திருத்தியிருக்கிறார்கள் என்று முதலில் புகார் வந்தது, வாதமே நிற்கவில்லை என்று பிறகு சொன்னார்கள், 2025-இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இதைப் பகிர்ந்தார்கள்?

இந்தோனேசியாவின் குனுங் பாடாங்கும் அப்படியே. உலகின் மிகப் பழைய பிரமிட் என்று 2023-இல் கட்டுரை. அவர்கள் தேதி போட்டது மண்ணுக்கு. அந்த மண்ணில் மனிதக் கைபட்ட அடையாளம் எதுவும் இல்லை, எலும்பு இல்லை, கரி இல்லை. மண் பழையதாகத்தான் இருக்கும், மண்ணாயிற்றே! 2024 மார்ச்சில் அதையும் திரும்பப் பெற்றார்கள்.

#14 வால்வெள்ளி

எப்போதும் இதே பாட்டுதான். புதிதாக யாராவது சொன்னால் உடனே கிண்டல், மூடி மறைத்தல். வொயிட் சாண்ட்ஸ் காலடித் தடங்களையும் இப்படித்தான் சிரித்தார்கள். 3ஐ/அட்லஸ் வந்தபோதும் அது வேற்றுக்கிரகக் கலமா என்று கேட்டவர்களை முட்டாள் ஆக்கினார்கள். சந்தேகி மாதிரி ஆட்கள் இருந்தால் ஒரு கண்டுபிடிப்பும் நடக்காது, வீட்டுக்குப் போய்த்

[இப்பதிவின் எஞ்சிய பகுதி நீக்கப்பட்டது. கருத்தை அடியுங்கள், ஆளை அல்ல. - மட்டுறுத்துநர்]

#15 சந்தேகி

வொயிட் சாண்ட்ஸை நீங்கள் எடுத்ததில் எனக்குச் சந்தோஷம், அது என் உதாரணமும்தான்.

நியூ மெக்சிகோவில் உலர்ந்த ஏரிப்படுகையில் மனிதக் காலடித் தடங்கள். 2021-இல் 21,000 முதல் 23,000 வருடப் பழமை என்றார்கள். அமெரிக்காவுக்கு மனிதர் வந்தது அதற்குப் பல ஆயிரம் வருடம் கழித்து என்றுதான் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். எதிர்த்தவர்கள் சிரிக்கவில்லை, ஒரு துல்லியமான குறை சொன்னார்கள்: தேதி போட்ட விதைகள் தண்ணீருக்குள் வளரும் செடியின் விதைகள், அது நீரில் கரைந்த பழைய கரிமத்தை உறிஞ்சியிருந்தால் விதை தன் வயதைக் கூட்டிச் சொல்லும். நியாயமான குறை. அந்தக் குழு என்ன செய்தது? அழவில்லை. தரையில் வளரும் ஊசியிலை மரங்களின் மகரந்தத்தை ஆயிரக்கணக்கில் பொறுக்கித் தேதி போட்டது. குவார்ட்ஸ் மணல் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்று அளந்தது. 2023-இல் இரண்டும் ஒத்து வந்தன. 2025-இல் ஏரிச் சேற்றிலேயே தனியாகத் தேதி போட்டார்கள், அதுவும் ஒத்து வந்தது. இப்போது நான் நம்புகிறேன். யாரும் எதையும் மறைக்கவில்லை.

3ஐ/அட்லஸ் 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கியில் பட்டது. வேறொரு சூரியக் குடும்பத்திலிருந்து வந்து நாம் பார்த்த மூன்றாவது பொருள் என்பதே போதுமான அதிசயம். வாயுவும் தூசும் கக்கியது, வால் நீண்டது. வால்வெள்ளி என்று பெயர் வைத்திருக்கும் உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

#16 மண்வெட்டி

சந்தேகி சொன்ன அந்த வரிசையைச் செவ்வாயில் வைத்துப் பாருங்கள், வயிறு கலங்கும்.

2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ் ரோவர் ஒரு வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கில் செயாவா ஃபால்ஸ் என்று பெயரிட்ட பாறையைக் கண்டது. சிறுத்தைப் புள்ளி மாதிரி வட்டங்கள். அந்தப் புள்ளிகளில் இரும்பு, பாஸ்பரஸ் சேர்ந்த விவியனைட்டும், இரும்பு, கந்தகம் சேர்ந்த கிரைகைட்டும் இருப்பதாகத் தெரிகிறது. பூமியில் சேற்றுக்குள் கரிமப் பொருளைத் தின்று வாழும் நுண்ணுயிரிகள் இந்த மாதிரி தாதுக்களை விட்டுப்போவது உண்டு. உயிர் இல்லாமல் வேதிவினையாலும் உருவாகலாம், ஆனால் அதற்கு வழக்கமாகத் தேவைப்படும் சூடு அந்தப் பாறையில் ஏறிய அடையாளம் இல்லை. 2025 செப்டம்பரில் கட்டுரை வந்தபோது அவர்கள் பயன்படுத்திய சொல் 'உயிர்த்தடமாக இருக்கக்கூடியது'. அண்டார்டிகாவில் கிடைத்த ஏஎல்எச்84001 என்ற செவ்வாய்க்கல்லில் உயிரின் தடம் இருக்கலாம் என்று 1996-இல் அமெரிக்க அதிபரே மேடையேறிப் பேசியதோடு ஒப்பிட்டால் எவ்வளவு அடக்கம்! அந்தக் கல் ஒரு திருட்டுச் சிலை, இது குழியில் கிடக்கும்போதே படம் எடுத்த பொருள். எந்த ஆற்றுப்படுகை, எந்தச் சேற்றுப்பாறை, பக்கத்தில் என்ன என்று எல்லாம் தெரியும்.

ஆனால் மகரந்தம் பொறுக்குவது மாதிரி அடுத்த சோதனை செய்ய ஆள் இல்லை. அந்தப் பாறையில் துளைத்தெடுத்த துண்டு ஒரு குழாய்க்குள் மூடி ரோவரின் வயிற்றிலேயே இருக்கிறது. பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் பணப் பிரச்சினையில் நின்றுபோய்விட்டது. இவ்வளவு முறையாக எடுத்த பொருளை எடுத்துவர வண்டி இல்லை.

#17 நட்சத்திரப்பித்து

வண்டிக்கு உண்டியல் வைத்தால் நான் முதல் ஆள்.

காஸ்மிக் கதிர்களை யாரும் தொடவில்லையே? அவை காற்று மண்டலத்தில் மோதி உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்கள் பாறையையே துளைத்துப் போகும், கல் அதிகமாக இருந்தால் குறைவாகப் போகும். எக்ஸ்ரே மாதிரிதான், விளக்கு மட்டும் விண்வெளியில். 1960-களில் இயற்பியலாளர் லூயி அல்வாரெஸ் இதை வைத்து எகிப்தின் காஃப்ரே பிரமிடில் அறை தேடினார். பார்த்த பகுதியில் அறை இல்லை என்று தெரிந்தது. பெரிய பிரமிடில் 2017-இல் குறைந்தது 30 மீட்டர் நீள வெற்றிடம், 2023-இல் வடக்கு வாசலுக்கு மேல் 9 மீட்டர் நீள வழி. இரண்டாவதில் கல் இடுக்கு வழியாகக் கேமரா விட்டே பார்த்துவிட்டார்கள், காலியாக இருந்தது. முதலாவதில் என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

லேசர் அளவியும் அப்படியே. 1971-இல் அப்பல்லோ 15 நிலவின் மேடு பள்ளத்தை அளக்க எடுத்துப்போன உத்தி. இன்று விமானத்திலிருந்து காட்டின் இலைகளை ஊடுருவி ஈக்வடாரின் உபானோ பள்ளத்தாக்கில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கால மண்மேடைகளைக் காட்டுகிறது.

#18 பழைய தந்தி

உளவுப் படங்களை மறந்துவிட்டீர்கள். பனிப்போர்க் காலத்தில் எடுத்த கொரோனா செயற்கைக்கோள் படங்களை 1995-இல் வெளியிட்டார்கள். 2023-இல் சிரியா, ஈராக் பகுதியில் அவற்றைக் கொண்டு 396 ரோமானியக் கோட்டைகளை அடையாளம் கண்டார்கள். 1934-இல் பாதிரியார் புவதபார் விமானத்திலிருந்து பார்த்துச் சொன்னது 116. அவர் அவற்றை வடக்கு தெற்காக ஒரு எல்லைக்கோடு என்றார். புதிய எண்ணிக்கை கிழக்கு மேற்காகப் பரவிக் கிடக்கிறது, சுவர் அல்ல, வணிகப் பாதையின் தங்குமிடங்களாக இருக்கலாம் என்கிறார்கள். இதில் பல கோட்டைகள் வயலுக்கும் ஊருக்கும் அடியில் போய்விட்டன. படம் மட்டும் மிச்சம்.

#19 புதியவள்

இவ்வளவும் விண்வெளியிலிருந்து பூமியைத் தோண்டுவது. விண்வெளியிலேயே யாராவது அகழாய்வு செய்திருக்கிறார்களா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் மன்னிக்கவும்.

#20 மண்வெட்டி

சிறுபிள்ளைத்தனமே இல்லை, நடந்திருக்கிறது! தொல்லியலாளர்கள் அலிஸ் கோர்மன், ஜஸ்டின் வால்ஷ் இருவரும் 2022-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செய்தார்கள். அகழாய்வில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சோதனைக் குழி போடுவோமே, அதே அளவில் வீரர்கள் ஆறு இடங்களில் சுவரில் நான்கு மூலைக்கும் நாடா ஒட்டினார்கள். தோண்ட முடியாதாகையால் தினமும் ஒரு படம், 60 நாள். ஒவ்வொரு படத்தையும் ஓர் அடுக்காகப் பாவித்து, அதில் எந்தப் பொருள் வந்தது, போனது என்று எண்ணினார்கள்.

முடிவு 2024 ஆகஸ்டில் வந்தது. பழுதுபார்க்கும் இடம் என்று பெயர் எழுதிய இடத்தில் பழுதுபார்ப்பு அதிகம் நடக்கவில்லை, வீட்டில் சுவரில் ஆணி அடித்துச் சாமான் மாட்டுவது போல் அதைப் பொருள் தொங்கவிடும் இடமாக்கியிருக்கிறார்கள். இன்னொரு சதுரம் உடற்பயிற்சிக் கருவிக்கும் கழிவறைக்கும் பக்கத்தில், அந்த இடத்துக்கு யாரும் எந்த வேலையும் ஒதுக்கவில்லை. அங்கே யாரோ தங்கள் பல்துலக்கும் சாமான் பையை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

#21 சந்தேகி

இந்த நிலையத்தை 2030-க்குப் பிறகு கடலில் இறக்கிவிடப் போகிறார்களே. அப்புறம் இந்த இடம்?

#22 மண்வெட்டி

பெரும்பகுதி எரியும், மிச்சம் பசிபிக் அடியில். நாடா ஒட்டிய ஆறு சதுரத்துக்கு மட்டும் படம் இருக்கும்.

#23 கரிமம்14

ஆறு சதுரம் போதுமா என்று கேட்காதீர்கள். நான் மூன்று மரத்துண்டு வைத்துக்கொண்டு பேசியவன்.